இங்கிலாந்தில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ராத்திரி கத்துவது என்ன பறவை?

தேயிலைப்பூ (பொகவந்தலாவை):

வணக்கம். என் அக்கா இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒக்ஸ்போர்ட் பக்கம், சில்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் அறை எடுத்திருக்கிறாள். ஒக்டோபர் பிறந்ததிலிருந்து வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய மரத்தில் ராத்திரி முழுக்க ஏதோ கத்துகிறதாம். முதலில் ‘கீ-விக்’ என்று கூர்மையாக ஒரு சத்தம், உடனே ‘ஊஊ’ என்று நீளமாக ஒன்று, கொஞ்சம் விட்டு நடுங்கிக்கொண்டே இன்னொரு ‘ஊஊஊ’. வட்ஸ்அப்பில் பதிவு செய்து அனுப்பினாள். நான் அதை இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து போட்டுக் கேட்க, அம்மா காதிலும் விழுந்துவிட்டது. சாக்குருவி என்கிறார். அப்பா இறந்த கிழமை எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் இருந்த சவுக்கு மரத்தில் ஆந்தை கத்தியது, அதை அம்மா இன்னும் மறக்கவில்லை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மாரியம்மனுக்கு நேர்ந்து காசு முடிந்து வைத்திருக்கிறார், அக்காவை உடனே வேறு வீடு பார்க்கச் சொல் என்று ஒரே பிடிவாதம். அங்கே அறை கிடைப்பது லேசான காரியமா?

பகலில் வேறு, செம்பழுப்பு நிறத்தில் பெரிய பருந்துகள், மீன் வால் மாதிரிப் பிளந்த வால், பத்துப் பன்னிரண்டு சேர்ந்து கூரைக்கு மேல் வட்டமிடுகின்றன. கையில் பாண் துண்டோடு முற்றத்தில் நிற்க அக்காவுக்குப் பயம். இவை என்ன பறவைகள்? அந்த ஆந்தையைத் துரத்த வழி இருக்கிறதா?

ஹப்புத்தளைக்காரன்:

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், அது டோனி ஆந்தை. அந்த நாட்டில் கூடு கட்டி வாழும் ஆந்தை வகை ஐந்து. அதில் ஊருக்குள் பெரிய மரம் இருந்தால் போதும் என்று குடியிருப்பது இதுதான். நம் மலைக்காட்டில் இருக்கிற பழுப்புக் காட்டாந்தைக்கு இது நெருங்கிய சொந்தம்.

அப்புறம் முக்கியமான விஷயம், கத்துவது அநேகமாக ஒரு பறவை இல்லை, இரண்டு. ‘கீ-விக்’ பெட்டை, நடுங்குகிற ‘ஊஊஊ’ சேவல். பெட்டை கூப்பிட்டதும் சேவல் பதில் கொடுப்பதால் கேட்கிறவர்களுக்கு ஒரே குரல் போலத் தோன்றும். ஒக்டோபரில் அதிகமாவதற்கும் காரணம் உண்டு: வசந்தத்தில் பொரித்த குஞ்சுகள் வளர்ந்து தனி இடம் தேடி அலைகிற காலம் அது, பழைய சோடி “இந்த மரம் எங்களுடையது” என்று எல்லையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தைப் பிடித்தால் பெரும்பாலும் ஆயுசு முழுக்க அங்கேதான். அக்கா அறைக்கு வந்து எட்டுப் பத்து மாதம் இருக்கலாம், அந்தச் சோடி அதற்கு எத்தனை வருசம் முன்னாலேயே அங்கே இருந்ததோ.

துரத்துகிற எண்ணம் வேண்டாம். 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அங்கே காட்டுப் பறவையைக் கொல்வதும், முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். இன்னொன்று, வசந்தத்தில் குஞ்சு இருக்கும்போது அந்த மரத்துக்குக் கிட்டப் போக வேண்டாம் என்று அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள். எரிக் ஹொஸ்கிங் என்ற பெயர்பெற்ற பறவைப் படப்பிடிப்பாளர் 1937இல் டோனி ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் ஒரு கண்ணை இழந்தார். குஞ்சுக்காக அது எதையும் செய்யும். மற்ற மாதங்களில் பயமே இல்லை, எலி, மண்புழு, சின்னப் பறவை, பெரும்பாலும் இவைதான் அதன் சாப்பாடு.

மழைக்குடை (பண்டாரவளை):

பருந்து பற்றி நான் சொல்கிறேன், ஆறு வருசம் ரெடிங் நகரத்தில் இருந்தவள். அது செம்பருந்து, அவர்கள் ‘ரெட் கைட்’ என்பார்கள். நாம் இங்கே நீர்த்தேக்கத்துப் பக்கம் பார்க்கிற வெள்ளைத் தலைச் செம்பருந்து வேறு, அதன் வால் பிளந்திருக்காது. இறக்கையை விரித்தால் ஆறடி இருக்கும், ஆனால் தூக்கிப் பார்த்தால் ஒரு கிலோ அளவுதான். பெரும்பாலும் செத்ததைத் தின்னும் பறவை. ஆளைத் தாக்க வராது, சாப்பாட்டைக் கண்டால் பறிக்கப் பார்க்கும், அதனால் பாணை உள்ளே வைத்துச் சாப்பிட்டால் போதும். பக்கத்து வீட்டில் யாராவது இறைச்சித் துண்டு எறிகிறார்களா என்று அக்காவைக் கவனிக்கச் சொல்லுங்கள், பத்துப் பன்னிரண்டு ஒரே கூரைக்கு வருவது அதனால்கூட இருக்கலாம்.

ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் குப்பை பொறுக்கிய பறவை இது. பிறகு சுட்டும் நஞ்சு வைத்தும் முட்டையைத் திருடியும் அழித்து, இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை, வேல்ஸ் மலைகளில் மட்டும் விரல்விட்டு எண்ணுகிற சோடிகள் ஒளிந்து பிழைத்தன. 1989இலிருந்து 1994வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், எங்கே தெரியுமா, உங்கள் அக்கா இருக்கிற அதே சில்டர்ன் குன்றுகளில்தான்! இப்போது நாடு முழுக்க ஆயிரக்கணக்கான சோடிகள். நான் முதன்முதல் போன குளிர்காலத்தில் பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் நின்று இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாலை ஒரு பக்கம் திருப்பித் திருப்பிக் காற்றில் திசை மாற்றும் அழகை அக்கா ஒரு நாள் பயமில்லாமல் நின்று பார்க்கட்டும்.

மஸ்கெலியா மணி:

மேலே இருவரும் நன்றாகச் சொன்னார்கள், ஆனால் அம்மாவிடம் இது மூடநம்பிக்கை என்று எடுத்தவுடன் சொல்லிவிடாதீர்கள், மனம் நோகும். எங்கள் பாட்டி நோயாளி வீட்டில் விடிய விடிய விழித்திருப்பார். யோசித்துப் பாருங்கள், மற்ற நாளில் எட்டரைக்குப் படுத்துவிடுகிறோம், காலையில் பேரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க) போக வேண்டும், மரத்தில் ஆந்தை கத்தினாலும் நமக்குத் தெரியாது. வீட்டில் ஒருவர் கடைசி நாட்களில் கிடக்கும்போதுதான் எல்லோரும் விழித்திருக்கிறோம், விளக்கும் எரிகிறது, அப்போதுதான் காதில் விழுகிறது. அப்பா இறந்த கிழமைக்கு முன்னாலும் அது கத்தியிருக்கும் அம்மா, அன்றைக்கு நீங்கள் தூங்கியிருப்பீர்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

தேயிலைப்பூ:

எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன், அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு “அந்த மூணு மாசமும் நான் படுக்கவே இல்லையே” என்று அழுதார். இரவு சோறு சாப்பிட்டார். இரண்டு பறவை என்றதும் பதிவைத் திரும்பப் போடச் சொல்லி எது பெட்டை எது சேவல் என்று கேட்டார்.

அக்கா இன்னொன்று கேட்கிறாள்: வேலைக்குப் போகும் பெருந்தெரு ஓரப் புல்லுக்கு மேலே ஒரு சின்னப் பறவை சிறகை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கிறதாம்.

ஹப்புத்தளைக்காரன்:

அது கெஸ்ட்ரல், வல்லூறு வகை. தலையை அசைக்காமல் நின்று புல்லுக்குள் எலி ஓடுகிறதா என்று பார்க்கும். இதே பறவை நம் நாட்டுக்கும் குளிர்காலத்தில் வரும். விடுமுறையில் லண்டன் போனால் உயரமான கட்டிடங்களின் உச்சியையும் பார்க்கச் சொல்லுங்கள், பைரி என்ற பெரிய வல்லூறு இருக்கும், சீகிரியாக் குன்றில் கூடு வைப்பதும் அதே இனம்தான். டிடிடி என்ற பூச்சி மருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கி, அந்த நாட்டில் அழியும் நிலைக்குப் போய் மீண்ட பறவை. அடுத்த பதிவு வந்தால் இங்கே போடுங்கள்.