மூடிய ஆப்ஜெக்ட்டின் லிஸ்ட்: நகல் எடுத்துக் கொடுக்கணுமா, அப்படியே காட்டணுமா?

காட்பாடி: ராணிப்பேட்டை டேனரி (தோல் பதனிடுற ஆலை) ஸ்டாக் புரோகிராமை எடுத்துக்குவோம். பழைய ஜாவா லைப்ரரியில் ‘லாட்’ (ஒரு தொகுப்புத் தோல்), அதுக்குள்ள 3,000 தோல் உள்ள அரேலிஸ்ட். மேல நம்ம ராப்பர், அதாவது பழைய ஆப்ஜெக்ட்டை உள்ளே வெச்சு மூடுற நம்ம ஆப்ஜெக்ட். லிஸ்ட்டைக் கொடுக்கிற தோல்கள்() மெத்தடைக் கூப்பிடுறப்பல்லாம் புது லிஸ்ட் போட்டு, தோலுக்கு ஒண்ணா 3,000 ராப்பர் உருவாக்குறது வீண். லூப்புக்குள்ள யாராவது தோல்கள்().கெட்(ஐ)னு எழுதிட்டா 90 லட்சம் ராப்பர்! நகலுக்குப் பதிலா, ஜாவாவோட அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டை (பாதி எழுதி வெச்ச லிஸ்ட் கிளாஸ்) எக்ஸ்டெண்ட் பண்ணி கெட், சைஸ் ரெண்டும் எழுதினா போதும். ஆட், ரிமூவ் பண்ணா தானாவே அன்சப்போர்ட்டட்ஆபரேஷன் எக்ஸெப்ஷன் வந்துடும்.

பாலாறு: ஒத்துக்க மாட்டேன் அண்ணே. வெளியாள் மாத்த முடியாது, சரி. உள்ளே இருக்கிற லிஸ்ட் மாறினா? சதுர அடி கூட்டுற லூப் 10-ஆம் இன்டெக்ஸைப் படிக்கப் போகுது. அந்த நேரம் லூப்புக்குள்ளிருந்து கூப்பிட்ட ஏதோ ஒரு மெத்தட், லாட்டில் 3-ஆம் இன்டெக்ஸை நீக்குது. எல்லாம் ஓரிடம் முன்னே நகரும், 10-ல இருந்த தோல் 9-க்குப் போயிடும். லூப் அதைத் தொடவே தொடாது. எர்ரர் கிடையாது, பில்லில் ஒரு தோலோட அடி குறையும். அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் இட்டரேட்டர் (லிஸ்ட்டிலிருந்து ஒவ்வொண்ணா எடுத்துத் தர்றது) பார்க்கிறது தன் மாட்கவுன்ட்டை (மாற்றங்களை எண்ணுற எண்ணை) மட்டும்தான். உள்ளே நடந்தது அதுக்குத் தெரியாது. நகல்ல இந்த ஆபத்தே இல்லை.

காட்பாடி: சரியான இடத்தைப் பிடிச்சீங்க தம்பி. அதுக்கு நகல் தேவையில்லை. இட்டரேட்டரையும் ஓவர்ரைடு பண்ணி (நம்ம வழியில திரும்ப எழுதி), உள் லிஸ்ட்டோட இட்டரேட்டரிலிருந்தே ஒவ்வொண்ணா எடுத்து ராப் பண்ணுங்க. நீக்கினதும் அடுத்த நெக்ஸ்ட்லயே கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் (நடுவில லிஸ்ட் மாறிடுச்சுங்கிற எர்ரர்) விழும். உள்ளே லிங்க்ட்லிஸ்ட்டா (சங்கிலி மாதிரி கோத்த லிஸ்ட்) இருந்தாலும் இதே வழிதான் நல்லது. கெட்(ஐ) ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து நடந்து வரும்.

ஆரணி: ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு இருக்கு. கெட்(5) ரெண்டு தடவை கூப்பிட்டா ரெண்டு வேற ராப்பர். ஹேஷ்செட்ல (ஒரே பொருளை ரெண்டு தடவை சேர்க்காத தொகுப்பு) ஒரே தோல் ரெண்டு தடவை உட்காரும். ரெண்டு ஆப்ஜெக்ட் ஒண்ணுதானான்னு பார்க்க உதவுற ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் ரெண்டும் உள் ஆப்ஜெக்ட்டை வெச்சு எழுதணும். ராப்பரைச் சேமிச்சு வைக்க வீக்ஹேஷ்மேப் (சாவியை வேற யாரும் பிடிக்கலைன்னா அந்தப் பதிவை விட்டுடுற மேப்) போட்டா இன்னொரு கண்ணி: மதிப்பா வைக்கிற ராப்பர் சாவியான தோலை இறுக்கிப் பிடிக்கும், மெமரி விடுபடவே விடுபடாது. மதிப்பை வீக்ரெஃபரன்ஸ்ல (மெமரி விடுபடுறதைத் தடுக்காத பிடி) சுத்துங்க.

பாலாறு: அது சரி. ஆனா பில் போடுற இடத்துல எக்ஸெப்ஷன் விழுந்து நிக்கிறதும் எனக்கு வேணாம். அங்கே லிஸ்ட்.காப்பிஆஃப் (மாத்த முடியாத நகல் எடுக்கிற மெத்தட்) ஒரு தடவை, லூப்புக்கு வெளியே. ஜாவா 10-லேருந்து இருக்கு. லிஸ்ட்டுக்குள்ள நல் (காலி மதிப்பு) இருந்தா மட்டும் நல்பாயின்ட்டர் எக்ஸெப்ஷன் எறியும்.

காட்பாடி: அந்த நகலை பில் எழுதுறவர் எடுக்கட்டும். ராப்பர் எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.