பல்ப்லெட்: குமிழ்க்கன்று வேண்டாம், குறுங்குமிழம் போதும்

அன்புடையீர், வணக்கம்.

லில்லி, நார்சிசஸ், ஹயசிந்த் போன்ற குமிழச் செடிகளை (வெங்காயம்போல் செதில் அடுக்கிய குமிழத்திலிருந்து வளர்பவை) திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டைக் குடுவையில் இட்டு வளர்க்கும் முறையில், பெருக்கும்போது குடுவைக்குள் உருண்டு திரளும் சிறிய உறுப்பை ஆய்வகத்தார் பல்ப்லெட் என்கிறார்கள். அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற நம் உரையாடலில் 'குமிழ்க்கன்று' என்ற பரிந்துரைக்கு ஆதரவு கூடிவருகிறது. இனிமையான சொல்தான். ஓரறிவுயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்கள் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியல் சொல்வதை நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டியதும் சரியே. ஆனாலும் இந்தப் பொருளுக்கு அந்தச் சொல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் அந்த உறுப்பின் உடலியலிலேயே இருக்கிறது.

திசு வளர்ப்பு வாழைக்கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இலையும் வேரும் உண்டு. குடுவைக்குள் காற்று ஈரம் நிறைந்தே இருப்பதால் இலையின் மெழுகுப் படலம் மெலிந்திருக்கும். இலைத்துளைகளும் சரிவர மூடப் பழகியிருக்கா. திடீரென்று வெளியே வைத்தால் வாடிவிடும். ஆகவே ஈரம் மிகுந்த அறையில் வைத்துப் படிப்படியாக வெளிச்சூழலுக்குப் பழக்கி வன்மையாக்குகிறோம். கன்று என்றதும் செடி வளர்ப்பவர் மனத்தில் எழும் படம் இதுதான்.

பல்ப்லெட்டின் வாழ்க்கை வேறு. அது உணவைச் செதில்களில் சேர்த்துவைத்துக்கொண்டு உறங்கும் உறுப்பு. பல வேளைகளில் அதற்கு இலையே இருக்காது. லில்லியை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்த்தால், விளையும் பல்ப்லெட்டுகள் உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். அவற்றை 4 அல்லது 5 டிகிரிக் குளிரில் சில வாரங்கள் வைத்தெடுத்தால்தான் நடும்போது ஒருசேர முளைக்கும். அதன்பின் ஒட்டியிருக்கும் அகாரை (ஊடகத்தைக் கெட்டியாக்கும் கூழ்ப்பொருளை) கழுவிவிட்டு மண்கலவையில் நேரடியாக நடலாம். இலையுள்ள நாற்றுக்குத் தேவைப்படும் அந்த நுட்பமான பராமரிப்பு இதற்குத் தேவைப்படாது. குமிழச் செடிகளில் இம்முறையை விரும்புவதற்கே அது ஒரு பெரிய காரணம். கன்று என்று எழுதிவைத்தால், படித்தவர் அதைக் குளிரூட்டாமல் ஈர அறையில் வைத்து இலைக்காகக் காத்திருப்பார். ஈரத்தில் கிடந்து அது அழுகும். கலைச்சொல் பிழையான செய்முறைக்கு இட்டுச்செல்லக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே முதன்மையானது. முராஷிகி, ஸ்கூக் இருவரும் 1962-இல் வெளியிட்ட வளர் ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். அதை 60 முதல் 90 கிராம் வரை உயர்த்தினால் லில்லியில் குமிழம் பருக்கிறது. சர்க்கரை, வெப்பம், ஒளி, தாவர வளர்ச்சி ஊக்கிகளான ஆக்சின், சைட்டோகைனின் ஆகியவற்றின் அளவை மாற்றி, ஒரே பிரிகூற்றை (வளர்ப்புக்கு வெட்டியெடுத்த செடித்துண்டை) இலைத்தண்டு பக்கமோ குமிழத்தின் பக்கமோ திருப்ப முடியும். டியூலிப்பில் முதலில் தண்டை வருவித்து, அதற்குக் குளிர் காட்டிய பிறகே குமிழம் பெறுகிறார்கள். ஆகவே 'கன்றா, குமிழமா' என்பது இத்துறையில் அன்றாடம் எழும் கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது.

மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'குமிழி' நீர்க்குமிழியை நினைவூட்டும், விட்டுவிடலாம். 'நுண்குமிழம்' என்பது நுண்பெருக்கம் (திசு வளர்ப்பால் பெருக்குவது) என்ற சொல்லோடு இணைந்து ஒலித்தாலும், சில மில்லிமீட்டர் அளவில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஒன்றை நுண் என்பது பொருத்தமில்லை. 'செதிற்குமிழம்' என்ற சொல்லின் நுட்பத்தை மெச்சுகிறேன். லில்லியில் பல்ப்லெட் பெரும்பாலும் செதிலின் உட்பக்கத்தில், அடித்தட்டை (செதில்கள் பொருந்தியிருக்கும் குறுகிய தண்டை) ஒட்டிய பகுதியில்தான் தோன்றுகிறது. பிறப்பிடமே பெயரானது அழகு. ஆனால் பூக்காம்பிலிருந்தும் இலைத்துண்டிலிருந்தும் அதே உறுப்பை வருவிக்க முடிகிறதே! தவிர, செதில்கள் தனித்தனியாக அடுக்கியிருக்கும் குமிழ வகைக்கும் செதில் குமிழம் என்ற பெயர் இயல்பாகப் பொருந்தும். இரண்டும் குழம்பும்.

எனவே 'குறுங்குமிழம்' என்று வைத்துக்கொள்வோம். தாய்க்குமிழத்தின் பக்கத்தில் இயற்கையாகப் பிரிவது சேய்க்குமிழம்; செல் பிரிந்து உருவாவதைச் சேய்செல் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். புலி லில்லியின் இலைக்கக்கத்தில் கரிய மணிபோல் காய்க்கும் பல்பிலுக்குக் குமிழ்மொட்டு போதும். கிளாடியோலஸ் குமிழ வகையே அன்று, கந்த வகை (செதிலடுக்கு இல்லாமல் திரண்ட தண்டு); அதன் சிறு உறுப்பு குறுங்கந்தம் ஆகிவிடும். உருளைக்கிழங்கைக் குடுவையில் விளைவித்தால் குறுங்கிழங்கு. ஒரு முன்னொட்டு இவ்வளவு தொலைவு நடந்துவருமானால் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "காலஸ் (உருவம் பெறாத செல்திரள்) வழியே செல்லாமல் செதிலிலிருந்து நேரடியாகத் தோன்றும் குறுங்குமிழங்கள் தாய் வகையை ஒத்திருக்கும் வாய்ப்பு அதிகம்." "செதில்துண்டின் அடிப்பகுதியில் குறுங்குமிழம் எளிதில் தோன்றும், நுனிப்பகுதியில் அரிது." எங்கும் இடறவில்லை.

ஆய்வகத்தில் விளைந்தது என்று காட்ட ஓர் அடைமொழி வேண்டும் என்றொரு கருத்தும் வந்தது. சொல்லுக்குள் அதைப் புகுத்த வேண்டாம் என்பேன். லில்லியின் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் இதே உறுப்பு தானாகத் தோன்றுகிறது. அதையும் பல்ப்லெட் என்றே அழைக்கிறார்கள். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் மட்டும் 'குடுவைக் குறுங்குமிழம்' என்று எழுதிக்கொள்ளலாம்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: "குறுங்குமிழம் – செதில், தண்டு முதலிய உறுப்புகளில் இயற்கையாகவோ திசு வளர்ப்பிலோ புதிதாகத் தோன்றும், உணவு சேமித்த சிறு குமிழம், இலையின்றியும் உறக்கநிலையிலும் இருக்கக்கூடும்."

இனி, நார்சிசஸ் பெருக்கத்தில் அடித்தட்டின் சிறு துண்டோடு இரண்டு செதில்களைச் சேர்த்து வெட்டியெடுக்கும் முறைக்கு 'இரட்டைச்செதில் வெட்டு' என்று எழுதிவருகிறேன். 'வெட்டு' கருவியையும் செயலையும் சுட்டுகிறதே தவிர, கிடைக்கும் துண்டைச் சுட்டவில்லை. துண்டுக்கு 'இணைச்செதில்' சரியாக வருமா? இதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.