சமூகவியலும் ஸ்காட்லாந்து வரலாறும்: இரட்டை ஆனர்ஸ் எடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். ஸ்காட்லாந்தில் எம்.ஏ. ஆனர்ஸுக்கு இந்த இரண்டையும் சேர்த்து எடுக்க ஆசை. கிரெடிட் கணக்கு எப்படி? ஒரே ஆய்வேட்டில் இரண்டு துறையையும் இணைக்க முடியுமா?

பதில் 1:
எம்.ஏ. என்றதும் முதுகலை என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பழைய பல்கலைக்கழகங்களில் கலைப்பிரிவு இளநிலைப் பட்டத்துக்கே அந்தப் பெயர். ஆண்டுக்கு 120 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி), நான்காண்டுக்கு 480. முதலாண்டில் பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு பாடமும் சேரும். சிக்கல் வருவது இரண்டாமாண்டு முடிவில்தான்: இரண்டு துறைகளிலுமே ஆனர்ஸுக்கான, அதாவது கடைசி இரண்டாண்டுச் சிறப்புப் படிப்புக்கான, மதிப்பெண் வேண்டும். ஒன்றில் குறைந்தால் இரட்டை ஆனர்ஸ் கைவிட்டுப்போகும். ஆய்வேடு வழக்கமாக ஏதாவது ஒரு துறையின் கீழ்தான். சமூகவியலில் எழுதுவதாக இருந்தால் ஆய்வுமுறைப் பாடத்தை மூன்றாமாண்டிலேயே முடித்தாக வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
இணைப்பதற்கு அருமையான ஆவணம் ஒன்று இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் சின்க்ளேர் 160 கேள்விகளை ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு பாரிஷ் (திருச்சபை வட்டாரம்) போதகருக்கும் அனுப்பினார். வந்த பதில்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அச்சாயின. மக்கள்தொகை, கூலி, பயிர், பழக்கவழக்கம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பதில் எழுதியவர் யார் என்று பாருங்கள். போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலவுடைமையாளரிடமோ அரசிடமோ இருந்தது. சம்பளமும் நிலவுடைமையாளர்கள் தருவது. குத்தகைதாரரை வெளியேற்றியதைப் பற்றி அவர் மென்மையாக எழுதினால் வியப்பில்லை. பக்கத்தில், சிறுகுத்தகை விவசாயிகளின் நிலையை விசாரித்த அரசுக் குழுவான நேப்பியர் கமிஷன் 1883-ல் பதிவுசெய்த சாட்சியங்களை வையுங்கள். ஸ்கை தீவின் பிரேஸ் ஊரில் முதல் சாட்சியான சிறுகுத்தகை விவசாயி, பேசியதற்காகத் தன்னை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று முதலில் உறுதி கேட்டார். யார் முன்னால், எந்த அச்சத்தோடு பேசுகிறார்கள் என்பதைச் சமூகவியல் கற்றுத்தரும். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு சொல்லும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 1780 முதல் 1800 வரை ஒரே பாரிஷின் ஞானஸ்நானப் பதிவுகளை எண்ணி, பிறப்பு எண்ணிக்கை மாறியதைக் காட்டலாமா?

பதில் 3:
அப்படியே எண்ணினால் தப்பாகப் போகும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. ஏழைகள் பதியாமல் விட்டார்கள். அதனால் பதிவு குறைந்ததை வைத்துப் பிறப்பு குறைந்தது என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்து திருச்சபையைவிட்டுப் பிரிந்த சபையாரும் கத்தோலிக்கரும் பல பதிவேடுகளில் இருக்கவே மாட்டார்கள். பிறப்பு எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் 1855-க்குப் பிறகு வாருங்கள், அப்போதுதான் அரசுப் பதிவு கட்டாயமானது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொட்டால் இன்னொரு எச்சரிக்கை: 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 என்றிருப்பார். வயதுவாரியாகப் பிரிக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் அட்டவணையே கோணிவிடும்.