கடவுள் இல்லை என்பவரும் அறிய முடியாது என்பவரும்: சில சந்திப்புகள்

காவிரிக்கரை எழுதுகிறார்:

என்னோடு திருச்சியில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் இன்றும் கறுப்புச் சட்டையில்தான் வெளியே வருவார். 1967இல் திருவாரூர் அருகேயுள்ள விடயபுரத்தில் பெரியார் கூறிய ‘கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை’ என்ற வாசகத்திலிருந்துதான் எந்த விவாதத்தையும் தொடங்குவார். ஒரு மாலை தேநீர்க் கடையில், கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய வழியில்லை என்று கருதுபவன் நான் என்றேன். ‘வீட்டுல திட்டு வாங்காம இருக்கிற நாத்திகன்னு சொல்லு, தம்பி’ என்று சிரித்தார்.

கிண்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. கடவுளை நம்புகிறாயா என்பது ஒன்று. அவர் இருக்கிறாரா என்பதை மனித அறிவால் தீர்மானிக்க முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ‘இல்லை’ என்பவர் நாத்திகர். இரண்டாவதற்கு ‘முடியாது’ என்பவர் அறியவியலாமைக் கொள்கையினர். ஒருவரே இரண்டுமாக இருக்கலாம். அறிய முடியாது என்று ஒப்புக்கொண்டபடியே கும்பிடுகிறவர்களும் உண்டு. தத்துவ அறிஞர்களிடம் தம்மை அறியவியலாமைக் கொள்கையினர் என்றும், தெருவில் போகும் சாதாரண மனிதரிடம் நாத்திகர் என்றும் சொல்லிக்கொள்வதே பொருத்தம் என்று 1947இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் கூறினார். பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய கடவுளர் இல்லை என்பதையும்தான் நிரூபிக்க முடியாது, அதற்காக யாரும் அவர்களின் தலைவரான சீயஸைப் பற்றித் தயங்குவதில்லையே என்பது அவர் காட்டிய காரணம். மூத்தவருக்கு ரசலைப் பிடிக்கும். இருந்தும் பதிலில் பாதியை மட்டுமே ஏற்றுக்கொண்டார்.

அறியவியலாமைக் கொள்கைக்கு 1869இல் பெயர் சூட்டிய ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியைத் தப்பித்துக்கொள்பவர் என்று எவரும் சொல்ல முடியாது. 1860இல், நான்கு வயது நிறையாத தம் மூத்த மகனை ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அவருக்கு, பாதிரியாரான நண்பர் சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் கடிதம் எழுதினார். இறந்த பின்னும் மனிதன் அழிவதில்லை என்பதை நான் மறுக்கவும் இல்லை, உறுதிசெய்யவும் இல்லை, அதை நம்பக் காரணம் காணவில்லை, பொய்யென்று காட்டவும் வழியில்லை என்ற கருத்தில் ஹக்ஸ்லி பதில் எழுதினார். பிள்ளையை இழந்த வீட்டில் உட்கார்ந்து இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

எங்கள் விவாதத்துக்கே சிக்காத ஒருவரையும் எனக்குத் தெரியும். அவர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அக்கா. சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாட்கள், பக்தர்களுக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்நாட்களில் தளிகை எனும் சமைத்த உணவுப் படையல் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவையே படைக்கப்படும். அம்மன் இருப்பதற்கு என்ன சான்று என்று மூத்தவர் ஒருமுறை அக்காவிடம் கேட்டார். ‘எனக்காக அவ பட்டினி கெடக்குறா. அவகிட்டப் போய் நீ இருக்கியான்னு எப்படிங்கய்யா கேக்குறது?’ என்றார் அக்கா. சான்று போதுமா போதாதா என்ற கணக்கே அங்கு இல்லை. பட்ட கடனுக்கு முகங்கொடுக்கிற உறவுதான் இருந்தது.

செம்மண்காடு பதில் எழுதுகிறார்:

அந்த அக்காவின் நம்பிக்கையை உறவு என்கிறீர்கள். என் அம்மாவிடம் நான் கண்டது பெரும்பாலும் அச்சம். தம்பிக்கு டைபாய்டு வந்தபோது, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். ஊசியும் மாத்திரையும் ஒரு பக்கம் நடந்தன. அவன் தேறிய பின், யார் காப்பாற்றியது என்று வம்புக்குக் கேட்டேன். ‘டாக்டருக்கும் பீஸ் குடுத்தாச்சு, ஆத்தாளுக்கும் காசு போட்டாச்சு. உனக்கென்னடா வழக்கு?’ என்றார். ஆனால் அந்தக் காசை உண்டியலில் சேர்க்கும்வரை, வீட்டில் யார் தும்மினாலும் அவர் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். நன்றி ஒரு காரணம் என்றால், விட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்பதும் அதற்குச் சளைத்த காரணம் இல்லை. அறிய முடியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் இந்த அச்சத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. உங்கள் கறுப்புச் சட்டைக்காரர் நிச்சயம் திறந்திருப்பார்.