புறக்கோட்டை நாட்டாமை

கொட்டாஞ்சேனைக்காரன்:
மதுரையிலிருந்து வந்த நண்பரோடு கொழும்பு புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகள் உள்ள நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போயிருந்தேன். வெங்காயக் கடை முதலாளி உள்ளேயிருந்து, "நாட்டாமை, இந்த ரெண்டு மூட்டையையும் லொறியில போடுங்க" என்று சத்தம் போட்டார். நண்பர் சட்டென்று திரும்பினார். பெரிய மீசையும் வெள்ளை வேட்டியும் எதிர்பார்த்திருப்பார். வந்தவரோ சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் சாக்குத் துண்டு போட்டிருந்தார். "பஞ்சாயத்து பண்றவரையா மூட்டை தூக்கச் சொல்றாங்க?" என்று நண்பர் என் காதைக் கடித்தார்.

கொழும்புக்காரருக்கு நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர்தான். சிங்களத்திலும் 'நாட்டாமி' என்றே சொல்கிறார்கள். நாட்டாண்மைதான் தேய்ந்து நாட்டாமை ஆனது. அகராதியில் நாட்டாண்மையைத் தேடினால் தலைமை, அதிகாரம் என்று இருக்கும். அது எப்படி மூட்டைக்குக் கீழே போனது என்று தேநீர்க் கடையில் ஒரு பழைய நாட்டாமையிடம் கேட்டேன். "முந்தி கூலியாட்களுக்கு ஒரு தலைவர் இருப்பார் தம்பி. முதலாளி அவரோடதான் பேசுவார், காசும் அவர் கையிலதான். அவரைக் கூப்பிட்ட பேர் எங்க எல்லாருக்கும் ஒட்டிட்டுது." அவர் கணக்கு அது. தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களுக்குத் தலைவராக இருந்த கங்காணியை நினைத்தால் எனக்கும் சரி என்றே படுகிறது.

வத்தளை அக்கா:
எங்கள் வீட்டில் இது வசவுச் சொல். "படிக்காட்டி நாட்டாமை வேலைக்குத்தான் போவாய்" என்று அப்பா தம்பியைத் திட்டுவார். தங்கையின் கல்யாணத்துக்கு மொத்த விலையில் அரிசி எடுக்கப் போனபோதுதான் அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தேன். இருவர் மூட்டையைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் குனிந்து பிடரியிலும் முதுகிலும் வாங்கிக்கொண்டார். ஐம்பது கிலோ. சின்னச் சின்ன எட்டாக, ஓட்டமும் நடையுமாகப் போனார். தலை குனிந்திருப்பதால் முன்னால் நிற்பவரின் கால்தான் தெரியும். அதனால்தான் "சைட், சைட்" என்று கத்துகிறார்கள். நான் வழியில் நின்றுவிட்டேன். "அக்கா, விலகுங்க! நடந்தா பாரம் தெரியாது, நின்டாத்தான் கொல்லும்" என்றார்.

ஹட்டன் பக்கம்:
என் மாமாவும் நாட்டாமைதான். புறக்கோட்டையில் மெனிங் மரக்கறிச் சந்தையில் இருந்தார். பேலியகொடையில் 2020இல் புதுச் சந்தை திறந்த பிறகு அங்கே போய்விட்டார். ஊரில் கேட்டால் "கொழும்புல கடையில வேலை" என்பார். சாமான் எடுக்கப் போகிறவர்கள் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்த பிறகு பேரம் பேசினால் மாமாவுக்குப் பொல்லாத கோபம் வரும்.