புதுப்பிப்பு: வவுனியா – கிளிநொச்சி, ஏ9 வீதியில் சைக்கிள் பயணம்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரே நாளில் சைக்கிளில் போக, ஏ9 வீதியில் பஸ்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன்.

கைகொடுத்தது, ஹேண்டிலின் வலப்பக்கம் கண்ணாடி பூட்டச் சொன்ன அண்ணாவின் யோசனைதான். பின்னால் பஸ் வருவது முன்கூட்டியே தெரிந்ததால் பதறாமல் ஒதுங்க முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று: முந்திக்கொண்டு எதிரே வருகிற வாகனங்கள்தான் அதிக ஆபத்து. நம் பக்கத்துக்கே வந்துவிடுகின்றன. அதற்குக் கண்ணாடி உதவாது, வீதியோரக் கிரவலில் இறங்கிவிட வேண்டியதுதான்.

விடியுமுன் வெளிக்கிடாதீர்கள், கொழும்பு இரவு பஸ்கள் அப்போதுதான் யாழ்ப்பாணம் நோக்கி ஓடுகின்றன. அப்புறம், முறிகண்டிப் பிள்ளையாரடியில் கும்பிடுவதற்காக வாகனங்கள் திடீரென ஓரங்கட்டும், கவனம். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முதுகில் தள்ளியது. தெற்கே திரும்புவோருக்கு அது எதிர்க்காற்று.