ஆர்15 வி3 இண்டிகேட்டர் ரிலே எங்க கிடைக்கும்?

மக்களே ஒரு சின்ன ஹெல்ப், என் 2019 யமஹா ஆர்15 வி3 பைக்குக்கு சென்னை புதுப்பேட்டைல சின்ன எல்இடி இண்டிகேட்டர் நாலு வாங்கி நானே மாட்டுனேன், இப்ப போட்டா டிக்டிக்டிக்னு பேய் புடிச்ச மாதிரி வேகமா அடிக்குது. லோடு (பல்பு இழுக்குற கரண்ட்) கம்மியானதால பல்பு ஃபியூஸ்னு ரிலே, அதான் இண்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கிற சின்ன டப்பா, நெனச்சுக்குதாம், பழசு 10 வாட், இது 1 வாட் கூட வராது. லோட ஏத்த ரெசிஸ்டர் போட சொல்றாங்க, அது கொதிக்கும், ஃபேரிங் (பைக்கோட வெளி கவர்) பிளாஸ்டிக் பக்கத்துல வைக்க பயமா இருக்கு. கம்மி லோடுலயும் சரியா அடிக்கிற எல்இடி ஃபிளாஷர் ரிலேதான் சரினு படுது, ஆனா ரெண்டு பின்னா மூணு பின்னா? யாராச்சும் கழட்டிப் பாத்திருக்கீங்களா, ஜிபி ரோட்ல எந்தப் பக்கம் கேக்கலாம்? அப்புறம் இண்டிகேட்டர் தண்டு ஃபேரிங் ஓட்டைல லொடலொடனு ஆடுது, இப்போதைக்கு சைக்கிள் டியூப்ப வெட்டி வாஷரா சொருகி வச்சிருக்கேன், சிரிக்காதீங்க. அதுக்கு அடாப்டர் பிளேட் தனியா கிடைக்குமா ப்ரோ?